ஆய்வுத் தரவைத் தொலைதூரச் சேமிப்பகத்துக்கு அனுப்புவது எப்படி: முதல் இணைப்பிலிருந்து கடைசிச் சரிபார்ப்பு வரை

நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் 400 ஜிபி, கருவியோடு இணைந்த கணினியில் கிடக்கின்றன. அந்த டிஸ்க்கில் இன்னும் நாலைந்து நாளைக்குத்தான் இடம் இருக்கும். தரவு மையத்தில் உங்கள் ஆய்வுக்குழுவுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஒரு சர்வர் முகவரியும் பயனர்பெயரும் மின்னஞ்சலில் வந்திருக்கின்றன. அந்த முகவரியை பிரவுசரில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேடப் போகிறார்கள்.

டிஸ்க்கைத் தேட வேண்டாம். கோப்புப் பரிமாற்றச் செயலி ஒன்று இருந்தால் அரை மணி நேரத்தில் இணைந்துவிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைக்கத் தெரியாமல் தரவை இழந்தவர்களை நான் பார்த்ததில்லை. அனுப்பியது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் மூலத்தை அழித்து இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிதான் இணைப்பைப் பற்றியது. மீதி, இணைந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியது.

எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா?

இரண்டும் வலை வழியே கோப்பு அனுப்பும் முறைகள். பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். உள்ளே இரண்டும் வேறு வேறு. எஃப்டிபியின் முதல் வரைவை அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் 1971இல் எழுதினார். வலையில் இருந்த ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் நம்பிய காலம் அது. பயனர்பெயர், கடவுச்சொல், கோப்பு எல்லாமே மூடாத அஞ்சலட்டை மாதிரி திறந்தபடியே போகும்; வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதைப் பார்த்த டாட்டு யுலோனன் என்ற ஆய்வாளர், எல்லாவற்றையும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற முறையை எழுதினார். எஸ்எஃப்டிபி அந்த எஸ்எஸ்எச்சின் மேல் ஓடுவது. இன்று ஆய்வுத் தரவுச் சேமிப்பகம் என்றால் பெரும்பாலும் எஸ்எஃப்டிபிதான். எஃப்டிபிஎஸ் என்று இன்னொன்றும் உண்டு. அது பழைய எஃப்டிபிக்கே மறையாக்கப் போர்வை போர்த்தியது. எஸ்எஃப்டிபியும் அதுவும் ஒன்றல்ல.

பிரவுசரில் ஏன் திறக்கவில்லை என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் எஃப்டிபியையே கைவிட்டுவிட்டன. எஸ்எஃப்டிபியை அவை எப்போதும் பேசியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

தரவு மையத்திடம் ஐந்து விவரங்களைக் கேட்டு ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். சர்வர் முகவரி, போர்ட் எண் (சர்வரில் தட்ட வேண்டிய கதவின் எண்; எஸ்எஃப்டிபிக்கு வழக்கமாக 22), பயனர்பெயர் எந்த வடிவில் (வெறும் பெயரா, முழு மின்னஞ்சல் முகவரியா, முன்னால் டொமைன் பெயர் சேர வேண்டுமா), உங்கள் குழுவின் ஃபோல்டர் இருக்கும் முழுப் பாதை, சர்வரின் கைரேகை, அதாவது ஹோஸ்ட் கீ ஃபிங்கர்பிரிண்ட். முதல் நான்கும் பெரும்பாலும் கேட்காமலே வரும். ஐந்தாவதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

கூடவே மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: வெளியிலிருந்து இணைவதற்கு விபிஎன் (நிறுவன வலைக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) வேண்டுமா? எங்கள் குழுவின் கோட்டா (ஒதுக்கிய இடம்) எவ்வளவு, இப்போது எவ்வளவு மிச்சம்? இந்தச் சேமிப்பகத்துக்கு பேக்கப் எடுக்கிறீர்களா, எத்தனை நாளைக்கு ஒரு முறை? மூன்றாவது கேள்விக்கு "சேமிப்பகம்தானே, பத்திரமாக இருக்கும்" என்று பதில் வந்தால் அது பதிலே அல்ல. திரும்பவும் கேளுங்கள்.

எந்தச் செயலி

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்வது ஃபைல்ஜில்லா. ஒரு குழுவில் பலர் பல வகைக் கணினி வைத்திருப்பார்கள், ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வசதியாக இருக்கும் என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு வின்எஸ்சிபி மிக நல்லது. அதன் ஒரு குணத்தைப் பின்னால் பாராட்டியே சொல்வேன். சேமிப்பகம் எஸ்3 வகையாக (அமேசான் கொண்டுவந்த கிளவுட் சேமிப்பு முறை) இருந்தால் சைபர்டக் என்ற செயலி பொருத்தம். தரவு பல டெராபைட் கணக்கில் இருந்து, தரவு மையம் குளோபஸ் (பெரிய ஆய்வுத் தரவை அனுப்புவதற்கான சேவை) வசதியும் தருகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அதற்கே போங்கள். துண்டிப்பு, மறுமுயற்சி, சரிபார்ப்பு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஃபைல்ஜில்லாவில் கிளையன்ட், சர்வர் என இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியது கிளையன்ட். இலவசப் பதிப்பே எஸ்எஃப்டிபிக்குப் போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2014இல் ஃபைல்ஜில்லா போலவே தோற்றமளித்து கடவுச்சொற்களைத் திருடிய போலிப் பதிப்புகள் உலவின. வேற்றுத் தளங்களிலிருந்து இறக்கியவர்களுக்கு வந்த வினை அது. நிறுவும்போது வேறு ஏதாவது மென்பொருளையும் சேர்த்து நிறுவட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இணைப்பது

மேலே இருக்கும் 'குவிக் கனெக்ட்' பட்டையில் அவசரமாக எல்லாவற்றையும் தட்ட வேண்டாம். 'ஃபைல்' மெனுவில் 'சைட் மேனேஜர்' இருக்கிறது. ஒரு முறை நிதானமாக நிரப்பினால் பிறகு ஒரே கிளிக்கில் முடிந்துவிடும்.

'நியூ சைட்' அழுத்தி உங்களுக்குப் புரியும் பெயர் ஒன்றை வையுங்கள். 'புரோட்டோகால்' என்ற இடத்தில் எஃப்டிபி என்று முன்பே நிரப்பியிருக்கும். அதை எஸ்எஃப்டிபி என்று மாற்றுங்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் தவறவிடுவது இதைத்தான். 'ஹோஸ்ட்' கட்டத்தில் சர்வர் முகவரி. 'போர்ட்' காலியாக இருந்தால் 22 என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது 'லாகான் டைப்'. 'நார்மல்' என்றால் கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கும். உங்கள் சொந்தக் கணினியில்கூட, 'மாஸ்டர் பாஸ்வேர்ட்' ஒன்றை அமைக்காவிட்டால் அது எளிதில் படிக்கக்கூடிய வடிவில்தான் டிஸ்க்கில் கிடக்கும். கருவிக் கணினி போன்ற பொது இடத்தில் 'ஆஸ்க் ஃபார் பாஸ்வேர்ட்' வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனுக்கு ஒப்புதல் கேட்டு வரும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் 'இன்டராக்டிவ்'. கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு கொண்டு நுழைவதென்றால் 'கீ ஃபைல்'.

பக்கத்தில் 'அட்வான்ஸ்ட்' தாவலில் 'டிஃபால்ட் ரிமோட் டைரக்டரி' என்ற கட்டத்தில் உங்கள் குழுவின் முழுப் பாதையைப் போடுங்கள். இதை விட்டுவிட்டால் இணைந்ததும் உங்கள் தனிப்பட்ட ஹோம் ஃபோல்டரில் போய் நிற்கும். அங்கே கோட்டா மிகக் குறைவாக இருக்கும். 400 ஜிபியை அதில் கொட்டத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் இடம் நிரம்பி நின்றுபோவது வழக்கமாக நடக்கிற விபத்து.

'கனெக்ட்' அழுத்துங்கள். முதல் முறை இணையும்போது ஒரு பெட்டி எழும்: இந்த சர்வரின் சாவி எனக்குத் தெரியாது, நம்பலாமா என்று கேட்கும். கிட்டத்தட்ட எல்லோருமே படிக்காமல் 'ஓகே' அழுத்தும் பெட்டி இது. தயவுசெய்து இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் ஷா-256 என்று தொடங்கி, அதன் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த 43 குறிகள் இருக்கும். அதுதான் சர்வரின் கைரேகை. தரவு மையம் கொடுத்த கைரேகையோடு அது அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூடக் கணக்கு. இரண்டையும் நோட்பேடில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒத்துப்போனால் 'எப்போதும் நம்பு' கட்டத்தில் டிக் செய்து மேலே போங்கள். ஒத்துப்போகாவிட்டால், நடுவில் வேறொரு கணினி உங்கள் சர்வர் போல நடிக்கிறது என்றும் இருக்கலாம். கடவுச்சொல்லைத் தட்டாமல் தரவு மையத்துக்கு ஃபோன் போடுங்கள்.

இதே எச்சரிக்கை மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்த இணைப்பில் திடீரென வரலாம். சர்வரை மாற்றியிருப்பார்கள், அறிவிப்பு மின்னஞ்சல் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான். இருந்தாலும் கேட்டு உறுதிசெய்த பிறகே புதிய சாவியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரட்டைச் சரிபார்ப்பு உள்ளவர்களுக்கு ஒரு தொல்லை வரும். கோப்பை இழுத்துப் போட்டதும் ஃபோனுக்குத் திரும்பத் திரும்ப ஒப்புதல் கேட்டு வரும். காரணம், ஃபைல்ஜில்லா கோப்பு அனுப்புவதற்கென்று தனி இணைப்புகளைத் திறக்கிறது. ஒவ்வொன்றும் புதிய நுழைவு. சைட் மேனேஜரில் 'டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸ்' தாவலுக்குப் போய் ஒரே நேர இணைப்புகளின் எண்ணிக்கையை 1 என்று கட்டுப்படுத்துங்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போது சர்வரில் வேறு ஃபோல்டர்களைப் புரட்ட முடியாது என்பதுதான் இதன் விலை.

சாவிக் கோப்பு

அடிக்கடி இணைபவர்களுக்குக் கடவுச்சொல்லைவிடச் சாவி மேல். விண்டோஸில் புட்டிஜென் என்ற சிறு செயலி சாவியை உருவாக்கித் தரும். வகை கேட்டால் இடி25519 தேர்ந்தெடுங்கள், தரவு மையம் பழைய வகைதான் ஏற்கும் என்றால் 4096 பிட் ஆர்எஸ்ஏ. இரண்டு பாதிகள் கிடைக்கும். பொதுச் சாவியைத் தரவு மையத்துக்கு அனுப்பலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது: மின்னஞ்சலில் கூடாது, குழுவின் பொது ஃபோல்டரில் கூடாது, "கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்று கேட்கும் நெருங்கிய சகாவுக்கும் கூடாது. அதற்கு ஒரு கடவுச்சொற்றொடரும் வையுங்கள். லேப்டாப் தொலைந்தால் அந்தச் சொற்றொடர்தான் உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் நிற்கும் கதவு.

இணையவில்லை என்றால்

மேல்பட்டைக்குக் கீழே ஓடும் செய்திகளைப் படியுங்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் அதிலேயே இருக்கும்.

20 வினாடி காத்திருந்து 'டைம்ட் அவுட்' என்றால் உங்கள் குரல் சர்வரை எட்டவே இல்லை. விபிஎன் போடவில்லை, அல்லது நீங்கள் இருக்கும் வலையின் ஃபயர்வால் 22ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறது. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை இணைந்து பாருங்கள். அதில் இணைந்தால் ஃபயர்வால்தான் என்று உறுதி.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் சர்வரை எட்டிவிட்டீர்கள், ஆனால் தட்டிய கதவு தவறு. போர்ட் எண்ணைப் பாருங்கள். எஃப்டிபி வழியாக எஸ்எஃப்டிபி சர்வரோடு இணைய முடியாது என்று வந்தால், மேலே சொன்ன 'புரோட்டோகால்' கட்டத்தை மாற்ற மறந்திருக்கிறீர்கள். முகவரியே கிடைக்கவில்லை என்றால் எழுத்துப்பிழை. அல்லது அந்த முகவரி விபிஎன்னுக்கு உள்ளே மட்டும் தெரிவது.

'ஆத்தென்டிகேஷன் ஃபெய்ல்ட்' என்றால் எல்லோரும் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள். மூன்று நான்கு முறைக்குப் பிறகு கணக்கே முடங்கிவிடும். முதலில் பயனர்பெயரைப் பாருங்கள். எனக்கு ஒரு முறை முழு மத்தியானமும் இதில் போனது: மின்னஞ்சலிலிருந்து பயனர்பெயரை காப்பி செய்தபோது கடைசியில் ஒரு வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு இடைவெளி சர்வருக்கு வேறொரு ஆளின் பெயர். அன்றிலிருந்து பயனர்பெயரைக் கையால்தான் தட்டுகிறேன்.

இணைந்த பிறகு 'பர்மிஷன் டினைட்' வந்தால் இணைப்பில் குறையில்லை. அந்த ஃபோல்டரில் எழுத உங்களுக்கு உரிமை கொடுக்கவில்லை. உரிமை எண்களை நீங்களே மாற்ற முயலாதீர்கள். குழுப் பொறுப்பாளரிடம் சொல்லி உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடது, வலது

இணைந்ததும் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர். இடமிருந்து வலம் இழுத்தால் பதிவேற்றம், வலமிருந்து இடம் இழுத்தால் பதிவிறக்கம். இவ்வளவுதான் என்று தோன்றும், ஆனால் இரண்டு குழிகள் இருக்கின்றன.

முதலாவது: வலப்பக்கத்தில் ஒரு ஃபோல்டரைப் பிடித்து, கை கொஞ்சம் நழுவி, பக்கத்து ஃபோல்டரின் மேல் விட்டுவிட்டால் அது சர்வரிலேயே இடம் மாறிவிடும். குழுவில் மற்றவர்களுக்கு "தரவைக் காணோம்" என்று தோன்றும். அப்படி ஒரு நாள் காணாமல் போன ஃபோல்டர் கடைசியில் அதன் பக்கத்து ஃபோல்டருக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வரை நான்கு பேர் வேலையை விட்டுத் தேடினோம். இரண்டாவது: வலப்பக்கத்தில் 'டெலீட்' அழுத்தினால் குப்பைத்தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான். சர்வரில் ஸ்னாப்ஷாட் (அவ்வப்போது எடுத்து வைக்கும் முந்தைய நிலையின் பதிவு) இருந்தால் தரவு மையம் மீட்டுத் தரலாம், இல்லாவிட்டால் இல்லை.

அனுப்புவதற்கு முன்

தரவில் மனிதர்களைப் பற்றிய விவரம் இருக்கிறதா? பெயர், குரல், முகம், மருத்துவப் பதிவு எது இருந்தாலும், அந்தச் சேமிப்பகத்தில் வைக்க உங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இடம் தந்தாலும் செவன்-ஜிப் போன்ற செயலியில் ஏஇஎஸ்-256 மறையாக்கம் போட்டு மூட்டை கட்டி அனுப்புங்கள். அந்த மூட்டையின் கடவுச்சொல்லை அதே ஃபோல்டரில் ஒரு கோப்பாக எழுதி வைப்பது பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது.

அடுத்து பெயர்கள். உங்கள் கணினி விண்டோஸ், சர்வர் லினக்ஸ் என்பது மிகப் பொதுவான நிலை. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அந்த வித்தியாசம் மட்டுமே உள்ள இரண்டு கோப்புகள் அங்கே நிம்மதியாக வாழும், விண்டோஸுக்கு இறக்கினால் ஒன்று மற்றதை அழித்துவிடும். < > : " / \ | ? * ஆகிய குறிகள் விண்டோஸில் பெயருக்கு ஆகாதவை. அளவிட்ட நேரத்தைப் பெயரில் போடும் கருவிகள் முக்காற்புள்ளியைச் சேர்த்துவிடும், கவனியுங்கள். தேதியை 2025-03-07 என்ற வடிவில் எழுதினால் வரிசை தானே ஒழுங்காக நிற்கும்.

தமிழில் பெயர் வைக்கலாமா? நான் தமிழில் பெயர் வைத்துப் பழகியவன், இதில் இரண்டு முறை சிக்கியும் இருக்கிறேன். 'தொகுப்பு' என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். மேக்கிலிருந்து ஒரு விதமாகவும் விண்டோஸிலிருந்து இன்னொரு விதமாகவும் போய்ச் சேர்ந்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எந்த ஸ்கிரிப்டும் அவற்றைச் சேர்த்துப் பார்க்காது. நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து 5 குறிகள், 15 பைட். ஆக மொத்தம் 85 குறிகளுக்குள் பெயர் முடிய வேண்டும். நேர்காணல் ஒலிப்பதிவுக்கு ஆசையாக ஒரு முழு வாக்கியத்தைப் பெயராக வைத்தால் தாண்டிவிடும். அதனால் இப்போதெல்லாம் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு என்று எளிமையாக வைத்து, ஒவ்வொன்றின் தமிழ்த் தலைப்பையும் ஒரு அட்டவணையில் எழுதி அதே ஃபோல்டரில் வைக்கிறேன். தலைப்பு நீளமாகவும் அழகாகவும் அங்கே இருக்கட்டும்.

இனி, சின்னச் சின்னக் கோப்புகள். 50 கேபி அளவில் 2 லட்சம் படங்கள் இருக்கின்றன என்று வையுங்கள், மொத்தம் 10 ஜிபி. வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 10 ஜிபி கொண்ட ஒரே கோப்பு ஏறக்குறைய 13 நிமிடத்தில் போய்விடும். 2 லட்சம் கோப்புகளோ அப்படிப் போகாது. ஒவ்வொரு கோப்புக்கும் திற, எழுது, மூடு, நேரத்தைக் குறி என்று சர்வரோடு நான்கு முறை பேச்சு நடக்கிறது. ஒரு முறை போய்வர 50 மில்லிவினாடி என்றால் கோப்புக்கு 0.2 வினாடி, 2 லட்சத்துக்கு 40,000 வினாடி, அதாவது 11 மணி நேரம். வேகமான இணைப்பு வாங்கினாலும் இது குறையாது. எனவே சிறு கோப்புகளை ஜிப் அல்லது டார் மூட்டையாகக் கட்டுங்கள். படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை என்றால் சுருக்காமல் 'ஸ்டோர்' முறையில் கட்டினால் நேரம் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக்காதீர்கள். 20 முதல் 50 ஜிபி அளவில் நாள்வாரியாகவோ மாதிரிவாரியாகவோ பிரித்தால், ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப அனுப்பலாம்.

மொத்த நேரத்தையும் முன்கூட்டிக் கணக்கிடுங்கள். மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் மெகாபைட். 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 எம்பி, 400 ஜிபிக்குக் கிட்டத்தட்ட 9 மணி நேரம். வீட்டு இணைப்பில் பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் மட்டும் என்றால் அதே தரவுக்கு 44 மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வைஃபையை விட்டுக் கேபிளில் இணைப்பதா, நிறுவனத்துக்கே போய் உட்கார்வதா என்று முடிவெடுங்கள்.

அனுப்புவது

முதலில் ஒரு ஒத்திகை. ஒரு சின்னக் கோப்பு, ஒரு பெரிய கோப்பு இரண்டையும் ஏற்றி, வேறொரு ஃபோல்டருக்குத் திரும்ப இறக்கி, திறந்து பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

'டிரான்ஸ்ஃபர்' மெனுவில் நேரமுத்திரைகளைக் காக்கும் வசதியை இயக்குங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கோப்புகளும் அனுப்பிய நாளிலேயே பிறந்தவை போல சர்வரில் தோன்றும். கருவி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைத் தொடாதீர்கள். பாதியில் எடுத்த நகல் பாதிதான். லேப்டாப் தூங்கினால் இணைப்பு அறுந்துவிடும், மின்சார அமைப்பில் அதைத் தடுத்து வையுங்கள். சில விபிஎன்கள் குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பின் தானாகவே துண்டிக்கும். அந்த நேரத்துக்குள் முடிகிற அளவுக்கு வரிசையில் போடுங்கள்.

அறுந்துபோய் மீண்டும் தொடங்கும்போது, கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்கும். 'ரெஸ்யூம்' விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் உங்கள் கணினியில் உள்ள கோப்பு மாறியிருந்தால் பழைய முன்பாதியோடு புதிய பின்பாதி ஒட்டிக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. மாறாத கோப்புக்கு மட்டும் ரெஸ்யூம். சந்தேகம் இருந்தால் முழுதாக மேலெழுதச் சொல்லுங்கள்.

ஃபைல்ஜில்லா பாதி அனுப்பிய கோப்புக்கும் முழுப் பெயரையே வைக்கிறது. 30 ஜிபி கோப்பு 12 ஜிபியில் நின்றாலும் பட்டியலில் அது முழுக் கோப்பு போலத்தான் நிற்கும். வின்எஸ்சிபியை நான் பாராட்டுவது இந்த இடத்தில்தான்: பெரிய கோப்பு முடியும் வரை பெயரின் கடைசியில் 'ஃபைல்பார்ட்' என்று ஒட்டி வைத்து, முடிந்த பிறகே உண்மைப் பெயரைக் கொடுக்கிறது. அந்த வால் தெரிந்தால் முடியவில்லை என்று யாருக்கும் புரியும்.

கீழே மூன்று தாவல்கள் இருக்கின்றன. வரிசை காலியாகிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். நடுவில் உள்ள 'ஃபெய்ல்ட் டிரான்ஸ்ஃபர்ஸ்' தாவலைப் பாருங்கள். தோற்றவை எல்லாம் சத்தமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் வரிசையில் சேர்க்கலாம்.

சரிபார்ப்பது

முதல் படி கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும். 'வியூ' மெனுவில் இரு பக்கத்தையும் ஒப்பிடும் வசதி உண்டு. அளவின்படி ஒப்பிடச் சொன்னால் வேறுபடும் கோப்புகளை நிறமிட்டுக் காட்டும். பாதியில் நின்றவை இதிலேயே பிடிபடும்.

ஆனால் அளவு ஒன்றாக இருந்து உள்ளே கெட்டிருக்கலாம். அதற்குத்தான் செக்சம். ஒரு கோப்பை முழுதும் படித்து ஷா-256 என்ற கணக்கு 64 குறிகள் கொண்ட ஒரு சரத்தைத் தரும். 30 ஜிபியில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்தச் சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து அங்கிருந்தே கணக்கிடலாம். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் ஒரு வரி போதும். எல்லாக் கோப்புகளின் சரங்களையும் ஒரு உரைக் கோப்பில் எழுதி, அதையும் தரவோடு ஏற்றிவிடுங்கள்.

சர்வர் பக்கத்திலும் அதே கணக்கைப் போட வேண்டும். சர்வருக்குள் நுழைந்து கட்டளை இட அனுமதி இருந்தால் அங்கேயே போடலாம், அல்லது தரவு மையத்தைப் போடச் சொல்லிக் கேட்கலாம். இரண்டும் முடியாவிட்டால் ஒரு வழிதான்: திரும்ப இறக்கி, இறக்கிய நகலுக்குக் கணக்கிட்டு ஒப்பிடுவது. மறுபடி அளந்துவிடக்கூடிய தரவு என்றால் சில மூட்டைகளை மட்டும் இப்படிப் பாருங்கள். மீண்டும் கிடைக்காத தரவு, அதாவது இனி திரும்பப் பேச முடியாத ஒருவரின் நேர்காணல், கரைந்துபோன மாதிரியின் அளவீடு என்றால் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பாருங்கள், இரண்டு நாள் ஆனாலும் சரி.

சரிபார்த்ததும் மூலத்தை அழிக்கலாமா? இன்னும் இல்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பகத்தில் பேக்கப் எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள், 77 டெராபைட், அழிந்தன. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன, அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. அவர்கள் கோப்புகள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்திருந்தன. சர்வரில் இருப்பது ஒரு நகல். வேறொரு இடத்தில் இரண்டாவது நகல் உருவாகும் வரை உங்கள் மூலம்தான் அந்த இரண்டாவது நகல். தொடக்கத்தில் பேக்கப் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்டீர்களே, அந்த ஒரு சுற்று முடிந்ததா என்று விசாரித்த பிறகு கருவிக் கணினியைக் காலிசெய்யுங்கள்.

அதற்கு முன் ஃபோல்டரின் தலைமாட்டில் ஒரு குறிப்புக் கோப்பு எழுதி வையுங்கள்: எந்தக் கருவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பெயர்களில் உள்ள சுருக்கங்களுக்கு என்ன பொருள், எந்த மூட்டையில் என்ன, யாரைக் கேட்க வேண்டும். பத்து வரி போதும். மூன்று வருடம் கழித்து அந்த ஃபோல்டரைத் திறக்கப்போவது நீங்களாகவே இருந்தாலும் அந்தப் பத்து வரி தேவைப்படும்.

பொதுக் கணினி என்றால் கிளம்பும் முன் இணைப்பைத் துண்டித்து, சைட் மேனேஜரில் உங்கள் பதிவை நீக்குங்கள். பிறகு 'எடிட்' மெனுவில் 'கிளியர் பிரைவேட் டேட்டா' கொடுத்து, குவிக் கனெக்ட் வரலாறும் காலியாகிவிட்டதா என்று பாருங்கள். விபிஎன்னிலிருந்தும் வெளியேறுங்கள்.